நான்காவது கோர்

இந்தக் கதையைப் பல வருஷங்களாக நான் சந்தேகித்து வந்திருக்கிறேன். பொய் என்று சொல்லவில்லை. சொன்னவர் பொய் பேசுகிறவர் அல்ல. ஆனாலும் வெந்த சோற்றில் ஒரு கல் கிடப்பதுபோல இதில் ஏதோ ஒன்று கிடந்தது. ஒவ்வொரு முறையும் பல்லில் படும். எங்கே என்று தேடுவதற்குள் விழுங்கியிருப்பேன்.

சொன்னவர் சடகோபன். கோயம்புத்தூரில் அரிசி பிரிக்கும் இயந்திரங்கள் செய்கிற ஒரு நிறுவனத்தில் மென்பொருள் பிரிவுக்குத் தலைவர். நான் அங்கே பின்னால் வந்து சேர்ந்தவன். இயந்திரங்களோடு போகும் கையேடுகளை எழுதுகிறேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குச் சடகோபன் வகுப்பு எடுப்பார். கடைசி வகுப்பில் இந்தக் கதையைச் சொல்வார். பின் வரிசையில் உட்கார்ந்து பலமுறை கேட்டிருக்கிறேன்.

முதலில் அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

அரிசி மேலே இருந்து சரிவான தகட்டில் வழிந்து மழைபோல விழும். விழும்போது கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். கறுத்த மணி ஒன்று வந்தால், அது தரையைத் தொடுவதற்குள், ஒரு சிறிய குழாய் 'புஸ்' என்று காற்றை ஊதி அதை மட்டும் வெளியே தள்ளும். இமைக்கும் நேரத்தில் ஒரு துளி தாமதமானாலும் போதும். கறுத்தது நல்ல அரிசியோடு போய்விடும். அதன் பின்னால் வந்த நல்ல மணி குப்பைக்குப் பறக்கும்.

பார்ப்பதும் ஊதச் சொல்வதும் உள்ளே இருக்கும் கணினியின் வேலை. அந்தக் கணினிக்கு நான்கு கோர்கள். ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்யும் நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்கான மென்பொருளை எழுதியவர் ஞானசௌந்தரி. நாகர்கோவில்காரர். சடகோபனைவிடப் பத்து வயதாவது இளையவர். சடகோபன் அதுவரை டிவியும் யுபிஎஸ்ஸும் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர், நடுவயதில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். தன்னைவிடச் சின்னவரிடம் கற்றுக்கொள்வதில் அவருக்குக் கூச்சம் இல்லை. அவர் 'மேடம்' என்பார். சௌந்தரி 'சார்' என்பார்.

ஒருநாள் சடகோபன் கேட்டார்.

"மேடம், கம்ப்யூட்டர் வேகமாத்தான் இருக்கு. பாதிக்குமேல சும்மாத்தான் உட்கார்ந்திருக்கு. அப்புறமும் அப்பப்ப ஒரு மணியைத் தவற விடுதே, ஏன்?"

சௌந்தரி ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் அரிசியைக் கொட்டி அவர் முன்னால் வைத்தார்.

"கறுப்பைப் பொறுக்குங்க சார்."

"வீட்லயே நான் பொறுக்கினதில்ல மேடம்."

"அது உங்க முகத்திலயே எழுதியிருக்கு. பொறுக்குங்க."

சடகோபன் குனிந்தார். இரண்டு மணி எடுத்திருப்பார்.

"சார், மணி என்ன?"

சொன்னார். மறுபடியும் குனிந்தார்.

"சார், அந்தப் பேனாவை எடுங்க."

எடுத்துக் கொடுத்தார்.

"காங்கேயம் போன வண்டி திரும்பிடுச்சா?"

"காலையிலயே வந்துடுச்சு மேடம்."

"உங்க பொண்ணுக்குப் பரீட்சை முடிஞ்சுதா?"

"நாளைக்குக் கடைசிப் பரீட்சை."

ஒவ்வொரு முறையும் விட்ட இடத்தை அவர் தேட வேண்டியிருந்தது. முடித்ததும் சௌந்தரி தாம்பாளத்தை லேசாகக் குலுக்கினார். கறுப்பு மணிகள் அங்கங்கே எட்டிப் பார்த்தன.

"கண்ணு தெரியலையா சார்?"

"நல்லாத் தெரியுது."

"கை ஓடலையா?"

"ஓடுது மேடம். நீங்கதான் விடலையே!"

சௌந்தரி இயந்திரத்தைக் காட்டினார்.

"அதையும் யாரும் விடலை. திரையில படம் போடுன்னு ஒருத்தர் கூப்பிடறார். கணக்கு எழுதுன்னு இன்னொருத்தர். நெட்வொர்க்ல யாரோ வந்திருக்காங்க, போய்ப் பாருன்னு ஒருத்தர்."

அன்றைக்கே சடகோபன் மற்ற வேலைகள் எல்லாவற்றையும் மூன்று கோர்களுக்குள் அடக்கினார். நான்காவது கோரைத் தனியாக்கினார். அரிசியைப் பார்க்கும் வேலைக்கு மட்டும் அது. வேறு எந்த நிரலும் அங்கே காலடி வைக்கக்கூடாது. வெளியிலிருந்து வரும் அழைப்புகளும் மற்ற மூன்றுக்கே போக வேண்டும்.

தவறுகள் குறைந்தன. ஆனால் நிற்கவில்லை.

"இப்ப யாரும் தொந்தரவு பண்றதில்ல. அப்பவும் தவறுது மேடம்."

சௌந்தரி அவரைச் சோதனை அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். சிறிய அறை. ஒரு இயந்திரமும் அதற்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசரும் அதில் இருந்தன. வெளி வெளிச்சம் பட்டால் கேமரா குழம்பும் என்று கண்ணாடிக் கதவு முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். கம்ப்ரசர் சத்தம் தாங்க முடியாது. உள்ளே இருப்பவர் காதுக் கவசம் போட்டுக்கொள்வார்.

சௌந்தரி தன் இருக்கையில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்துவந்து வெளிப்பக்கக் கைப்பிடியில் கட்டினார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இது தொங்கினா உள்ளே இருக்கிறவரை யாரும் கூப்பிடக்கூடாது. தட்டக்கூடாது. போனும் பண்ணக்கூடாது. நானா இருந்தாலும்தான்."

அதுவே வழக்கமாகிவிட்டது. ஒருமுறை முதலாளி வரதராஜுலுவே துண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். "உள்ளார சாமி வந்திருக்குதாட்டமிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்த முதல் நாள், துண்டு கட்டிய அறைக்குள் தாம்பாளத்தோடு சடகோபன் உட்கார்ந்தார். சௌந்தரி மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை. முடிந்ததும் சௌந்தரி தாம்பாளத்தைக் குலுக்கினார். அப்போதும் கறுப்பு இருந்தது.

கம்ப்ரசரை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"யாராவது கூப்பிட்டாங்களா சார்?"

"இல்லையே."

"அப்புறம் ஏன் தலையைத் தூக்கித் தூக்கிக் கதவைப் பார்த்தீங்க?"

சடகோபன் யோசித்தார்.

"யாராவது கூப்பிடறாங்களான்னுதான்."

"அதுவும் அதைத்தான் பண்ணுது."

எவ்வளவு தனியாக்கினாலும் ஒரு கோர், கடிகாரத் துடிப்புக்கு ஒருமுறை வேலையை விட்டு நிமிரும். வேறு யாராவது காத்திருக்கிறார்களா என்று பார்க்கும். ஒருவரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் குனியும். இது ஒரு விநாடிக்குள்ளேயே நூற்றுக்கணக்கான தடவை நடக்கும். இங்கே உனக்கு ஒரே வேலைதான், நிமிராதே என்று அதற்குச் சொல்ல வழி இருக்கிறது. சௌந்தரி அதைக் காட்டிக்கொடுத்தார்.

இந்த இடம் வந்ததும் சடகோபன் வகுப்பில் சற்று நிறுத்துவார். "அன்னைக்கு எனக்குள்ள ஏதோ திறந்த மாதிரி இருந்தது" என்பார்.

அதன்பிறகு அவர் போனை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். காலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனால் மத்தியானச் சாப்பாட்டையும் மறந்துவிடுவார். ஆயுதபூஜைக்கு அலுவலகம் வந்த அவர் மனைவி சௌந்தரியிடம் சொன்னாராம்.

"என்னதான் சொல்லிக்கொடுத்தீங்க மேடம்? மூணு தடவை கூப்பிட்டாத்தான் திரும்பறார். வீட்லயும் எங்கயோ துண்டு தொங்குது, எங்க கண்ணுக்குத்தான் தெரியல."

சௌந்தரி சிரித்தார். பொரியை மென்றுகொண்டே சடகோபனைத் திரும்பிப் பார்த்தார். அப்போது அந்தச் சிரிப்பு இல்லை.

தவறு இப்போது மிகவும் அரிதாகிவிட்டது. ஆனாலும் முழுசாகப் போகவில்லை. சடகோபனே அதன் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"ஒரே ஒரு ஓட்டைதான் மிச்சம் மேடம். நம்ம வேலை கோரை விடாமப் பிடிச்சுக்கிட்டே இருக்கு. அதனால கம்ப்யூட்டரை நடத்துற லினக்ஸ் ஒவ்வொரு விநாடியிலயும் ஒரு கீற்று நேரம் அதைப் பிடுங்கி வெளியே நிறுத்துது. அந்தக் கீற்றுல விழற மணியை யாரும் பார்க்கிறதில்ல."

"தெரியும். அதை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைச்சு வெச்சிருக்கேன்."

"முழுசா எடுத்துடலாமே?"

சௌந்தரி ஒரு மூட்டை அரிசியை இயந்திரத்தின் வாயில் கொட்டச் சொன்னார். ஓட விட்டார். திரையில் 'நிறுத்து' என்ற இடத்தைத் தொட்டார். நின்றது.

"இப்ப நீங்க சொன்ன மாதிரி எடுத்துட்டு ஓட்டுங்க."

எடுத்துவிட்டு ஓட்டினார். அரிசி விழுந்தது. புஸ், புஸ் என்று காற்று ஊதியது. ஒரு கறுப்பு மணிகூடத் தப்பவில்லை. சடகோபன் பல் தெரியச் சிரித்தார்.

"நிறுத்துங்க சார்."

தொட்டார். நிற்கவில்லை. மறுபடியும் தொட்டார். அழுத்தித் தொட்டார். அரிசி விழுந்துகொண்டே இருந்தது. கேமராவின் கண்ணாடியைத் துடைக்கும் பிரஷ் கை இப்படியும் அப்படியும் போய்வந்துகொண்டிருந்தது. தொட்டி நிறைந்து வழிந்து அரிசி அவர்கள் காலடியில் உருண்டது. கடைசியில் சடகோபன் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

"தொட்டது அதுக்குக் கேட்கலையா மேடம்?"

"கேட்கிறதுக்கு அங்க ஒரு ஆள் இருந்தான் சார். அவன் உட்கார இருந்த இடத்தைத்தான் நீங்க எடுத்துட்டீங்க."

நிறுத்து என்ற கட்டளையை வாங்கிக்கொள்ளும் சின்ன நிரல், அரிசி பார்க்கும் வேலையின் பகுதி என்பதால், அதே நான்காவது கோரில்தான் இருந்தது. அந்தக் கீற்று நேரத்தில்தான் அது கண் விழிக்கும்.

"அந்தக் கீற்று வேலைக்கு இல்ல சார்" என்றார் சௌந்தரி. "நிறுத்துன்னு சொல்ல வர்றவங்களுக்கு."

சடகோபன் எடுத்ததைத் திரும்ப வைத்தார். இரண்டு பேருமாகத் தரையில் கிடந்த அரிசியைக் கூட்டி அள்ளினார்கள்.

கொஞ்ச நாளில் காங்கேயத்திலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வருவதாக இருந்தது. பல ஆலைகளுக்கும் சேர்த்து ஒருவரே வாங்குகிறார். வெளியூர் இயந்திரம் ஒன்றையும் நம்முடையதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். நம்முடையதில் கறுப்பு சற்றுக் கூடுதலாக விழுந்தது. அந்தக் கீற்று நேரம்தான் காரணம்.

வரதராஜுலு சௌந்தரியைத் தன் அறைக்கு அழைத்தார்.

"ஏனுங்க மேடம், அதை எடுத்துட்டா நம்மளதுதான் முதல்ல நிக்கும்னு பசங்க சொல்றாங்களே?"

"நிக்கும் சார். நிறுத்தச் சொன்னா மட்டும் நிக்காது."

"மெயின் சுவிட்ச் இருக்குதில்லீங்க?"

"கண்ணாடியில தவிடு அடைஞ்சா கையை விட்டுத் துடைப்பாங்க. அவங்க மெயின் சுவிட்சுக்கு ஓட மாட்டாங்க சார். திரையில தொட்டுட்டு, நின்னிருக்கும்னு நம்பிக் கையை விடுவாங்க. அந்தத் தூசியில உள்ள பிரஷ் ஓடறது தெரியாது. எனக்குக் கொஞ்ச நாள் கொடுங்க. நிறுத்தற பொத்தானுக்குத் தனியா ஒரு வயர் இழுத்துடறேன்."

"நாளுக்கு எங்கீங்க போறது? லாரி வாசல்ல நிக்குதுங்க."

"அனுப்பலாம்னு நான் சொல்ல மாட்டேன் சார்."

வரதராஜுலு கெட்ட மனிதர் இல்லை. நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார்.

"நீங்க ஒருத்தர்தான் சொல்றீங்க. மத்தவங்க எல்லாம் அனுப்புன்னுதான் சொல்றாங்க. ஒண்ணு பண்ணலாங்க. சடகோபன் வந்து இது ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். லாரியைத் திருப்பிடறேன்."

சௌந்தரி எழுந்து வந்தார். சாப்பாட்டு நேரம். தளத்தில் ஒருவரும் இல்லை. சோதனை அறையில் மட்டும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. கதவில் சிவப்புத் துண்டு தொங்கியது. உள்ளே சடகோபன், அந்தக் கீற்றை எடுத்துவிட்டு இயந்திரத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி கேட்டிருந்தார். பார்ப்பதற்கு மட்டும்தானே என்று ஓட்டினார்.

இங்கே வந்ததும் அவர் குரல் எப்போதும் இறங்கிவிடும். கண் வகுப்பில் இருக்காது.

"அவங்க வந்து கதவுக்கு வெளியே நின்னாங்க. துண்டைப் பார்த்தாங்க. தானே போட்ட விதி. தயங்கினாங்க. அப்புறம் ஸ்கூட்டர் சாவியால கண்ணாடியில தட்டினாங்க. மெதுவா. கொஞ்சம் விட்டு மறுபடியும் தட்டினாங்க. எனக்கு ஒண்ணும் கேட்கலை. காதுல கவசம். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். முன்னால மெஷின். ஒரு மணிகூடத் தப்பாம ஓடிட்டிருந்தது. அந்த மாதிரி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததே இல்ல. என்னையும் மெஷினையும் தவிர உலகத்துல வேற எதுவும் இல்ல."

சௌந்தரி முதலாளி அறைக்குத் தனியாகத் திரும்பிப் போனார். அன்று மாலை லாரி கிளம்பியது.

"உங்களைக் கூட்டிட்டு வர்றேன்னுதான் போனாங்க. தனியாத் திரும்பி வந்தாங்க. சரி, நீங்களும் அனுப்பலாம்னுதான் நினைக்கிறீங்கன்னு நான் எடுத்துக்கிட்டேனுங்க." மறுநாள் வரதராஜுலு சடகோபனிடம் இதைச் சொன்னார்.

அந்த மாதத்தோடு சௌந்தரி வேலையை விட்டார். அவருடைய நாற்காலி சடகோபனுக்கு வந்தது. துண்டும் அதன் முதுகிலேயே கிடந்தது.

இயந்திரங்கள் நன்றாக ஓடின. காங்கேயத்தில் நல்ல பெயர். அடுத்த அறுவடைக் காலத்தில், ஒரு ஆலையில் பாக்கியம் என்ற பெண், கண்ணாடியில் தவிடு அடைந்திருப்பதைப் பார்த்து 'நிறுத்து' என்ற இடத்தைத் தொட்டுவிட்டுத் துணியோடு கையை உள்ளே விட்டாள். பிரஷ் கை நிற்கவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

அதன் பிறகு எல்லா இயந்திரத்திலும் நிறுத்தும் பொத்தானுக்குத் தனி வயர் இழுத்தார்கள். கையேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு. அதை எழுதியவன் நான். எதனால் எழுதச் சொல்கிறார்கள் என்று அப்போது நான் கேட்கவில்லை.

சடகோபன் நாகர்கோவிலுக்குப் போனார். சௌந்தரி அங்கே ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டு கேட்டுக்கு வந்து நின்றார். கேட்டைத் திறக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

"மேடம், நீங்க சொன்னது நடந்துடுச்சு."

"கேள்விப்பட்டேன். அந்தப் பொண்ணு எப்படி இருக்கு?"

"இடது கையால சாப்பிடப் பழகிட்டா."

சௌந்தரி தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்கு நீங்க வந்தப்ப நான் உள்ளதான் இருந்தேன் மேடம். எனக்குக் கேட்கலை."

அவர் நிமிர்ந்து சடகோபனை வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்.

"தனியா இருக்கிறதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன் சார். கீற்று விடறதை மெஷினுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன்."

உள்ளே போய்விட்டார்.

"அவ்வளவுதான் பேசினாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. அப்புறம் நாங்க பார்த்துக்கவே இல்ல" என்று சடகோபன் வகுப்பை முடிப்பார். பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். நானும் உட்கார்ந்திருப்பேன்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். பல வருஷம் எனக்கும் இங்கேதான் முடிந்தது.

கல் எங்கே இருக்கிறது என்று நான் தேடாமல் இல்லை. ஒரு ஆளின் ஒரு வார்த்தைக்கு ஒரு முதலாளி லாரியைத் திருப்புவாரா என்று முதலில் சந்தேகப்பட்டேன். வரதராஜுலுவிடம் பழகிய பிறகு, திருப்பியிருப்பார் என்றுதான் தோன்றியது. கேட்டருகில் அந்த அம்மா சொன்னதாகச் சொல்லும் வாக்கியம் அவருடையதுதானா, சடகோபன் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டதா என்று கொஞ்ச காலம் நினைத்தேன். அதுவும் இல்லை. அப்படி ஒரு வாக்கியத்தை அவரால் செய்ய முடியாது. அவர் கடிதம் எழுதினால் நான்தான் திருத்திக் கொடுப்பேன்.

சில சமயம், தேடுவதையே விட்டுவிடுவேன். நல்ல கதை. பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது. அதைக் கிளறி எனக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் எனக்கு ஐம்பத்தைந்து ஆகிறது. எனக்குப் பயன்படுகிறது என்று நான் கிளறாமல் விட்டவை வேறு எத்தனை என்று ஒரு எண்ணம் வரும். அந்த எண்ணம் வந்தால் அன்றைய வேலை ஓடாது.

போன மாதம் புது மாடல் ஒன்றுக்குக் கையேடு எழுத வேண்டியிருந்தது. இயந்திரம் ஓடுவதைப் பார்த்து எழுதலாம் என்று சோதனை அறையில் போய் உட்கார்ந்தேன். அதே அறை. கதவில் அதே கறுப்புத் தாள், ஓரங்கள் மட்டும் சுருண்டிருந்தன. கம்ப்ரசர் ஓடியது. காதுக் கவசத்தைப் போட்டுக்கொண்டேன். கதவுக்கு முதுகு காட்டி உட்காரும்படித்தான் அங்கே நாற்காலி போட முடியும்.

மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் நிமிர்ந்தேன். ஏன் நிமிர்ந்தேன் என்று ஒரு கணம் தெரியவில்லை. மறுபடியும் வந்தது. டிக், டிக். கம்ப்ரசரின் தடதடப்புக்கு மேலே, ஊசி குத்துவதுபோல மெல்லியதாக ஒரு ஒலி. கவசத்துக்குள்ளும் நுழைந்தது. விரலால் தட்டினால் அப்படிக் கேட்காது. கண்ணாடியில் இரும்பு பட்டால்தான் அப்படிக் கேட்கும்.

எழுந்து கதவைத் திறந்தேன். காவலாளி நின்றுகொண்டிருந்தார். கையில் சாவிக்கொத்து.

"பார்சல் வந்திருக்குதுங்க. ரெண்டு தடவை தட்டினேன்" என்றார்.

அவர் போன பிறகும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவைத் திறப்பதற்கு முன்பே, கறுப்புத் தாளுக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே, அது சாவி என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அன்று மத்தியானம் கேன்டீனில் சடகோபனுக்கு எதிரில் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் அவர் ஓய்வு பெறுகிறார். டிபன் பாக்ஸில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். மாவடு வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

"கடைசி வகுப்பு வெள்ளிக்கிழமைங்க. வந்துடுங்க" என்றார்.

"வர்றேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்க."

"சௌந்தரி மேடம் உங்களைக் கூப்பிட வந்ததை முதலாளி சொன்னார். சரி."

"ஆமாங்க."

"அன்னைக்குத் தளத்துல வேற யாருமே இல்லைன்னு சொல்வீங்க. கேட்டுக்குப் பக்கத்துலயும் மேடம் அதுக்கு மேல எதுவும் பேசலைன்னு சொல்வீங்க."

அவர் கை சாதத்திலேயே நின்றது.

"சாவியால தட்டினாங்கன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"